சாம்பாரில் பல்லி போட்டது யார்?

நீட்டி முழக்கிப் பேசுகிறவர்களைக் கண்டால் எனக்கு அன்றும் ஆகாது, இன்றும் ஆகாது. ஒரு விஷயத்தைச் சொல்ல வந்தால் சொல்லிவிட்டுப் போக வேண்டும். யார் செய்தது, என்ன செய்தார்கள். அவ்வளவுதான். மிச்சமெல்லாம் வாய்க்கு வேலை. இந்தக் கொள்கையால் என் வாழ்க்கையில் எவ்வளவோ நேரத்தை மிச்சம் பிடித்திருக்கிறேன். ஒரே ஒரு தடவைதான் கையில் இருந்த கல்யாணத்தைத் தொலைக்கப் பார்த்தேன்.

எழுபதுகளின் தொடக்கம். திருவொற்றியூர் தாண்டி எண்ணூர் போகிற ரோட்டில் ஒரு எனாமல் கம்பெனி. தட்டு, குவளை, டிபன் கேரியர் எல்லாம் அங்கே சூளையிலிருந்து பளபளவென்று வெளியே வரும். நான் பேக்கிங் பிரிவில் இருந்தேன். தட்டுக்குத் தட்டு வைக்கோல் வைத்துப் பெட்டியில் அடுக்குகிற வேலை. ராயபுரத்தில் வீடு, எஸ்.எஸ்.எல்.சி. பாஸ், கன்னியாஸ்திரீகள் ஸ்கேலால் அடித்து வரவழைத்த கையெழுத்து. அந்தக் கையெழுத்துதான் என்னைக் கெடுத்தது.

கம்பெனி கேட்டுக்கு எதிரே ஒரு பூவரச மரம். அதில் எங்கள் சங்கத்தின் கரும்பலகை தொங்கும். சங்கத்தில் எழுதிக் கொடுப்பதைப் பார்த்து அதில் எழுதுகிற வேலை என்னுடையது. சங்கு ஊதினால் ஒரு ஷிப்ட் உள்ளே போகும், ஒரு ஷிப்ட் வெளியே வரும். முக்கால்வாசிப் பேர் சைக்கிள். ரோட்டில் லாரி, பின்னால் வருகிறவன் மணி அடிப்பான், வீட்டில் பசி. ஒருத்தனும் இறங்க மாட்டான். மிதித்துக்கொண்டே தலையை ஒரு பக்கம் திருப்பி, மரத்தைத் தாண்டுவதற்குள் கண்ணில் பட்டதுதான் செய்தி. எங்கள் ஊரில் பத்திரிகை அதுதான்.

சங்கச் செயலாளர் துரைக்கண்ணு நல்ல மனிதர். சிறைக்கும் போயிருக்கிறார், அடியும் வாங்கியிருக்கிறார். ஆனால் அவர் எழுதுகிற வாக்கியம் எண்ணூரில் ஏறினால் பாரிமுனையில்தான் இறங்கும். ஒரு மாதிரிக்குச் சொல்கிறேன்: “குடிநீர்க் குழாய் பழுதடைந்த நிலையில் காணப்படுவதன் காரணமாகத் தொழிலாளத் தோழர்கள் பெரும் இன்னலுக்கு ஆளாக்கப்பட்டுள்ளமை நிர்வாகத்தின் மேலான கவனத்திற்குக் கொண்டுவரப்படுகிறது.” இதைச் சைக்கிளில் போகிறவன் எப்படிப் படிப்பான்? ‘குடிநீர்’ என்று படிக்கும்போதே அவன் பெட்டிக்கடையைத் தாண்டியிருப்பான். தண்ணீர் வருகிறதா வரவில்லையா என்று கடைசிவரை தெரியாது.

சூளைப் பிரிவில் கபாலி என்று ஒருவர் இருந்தார். ஒருநாள் போகிற போக்கிலேயே என்னைப் பார்த்துக் கத்திவிட்டுப் போனார்: “இன்னாமே எழுதிகீற? ரெண்டு ஷிப்டுக்கு லீவு போட்டுத்தான் படிக்கணும் போலக்கீது.”

எனக்குச் சுருக்கென்றது. எழுதுவது துரைக்கண்ணு, திட்டு எனக்கு.

அந்தச் சமயத்தில்தான் சங்க ஆபீசில் ஒரு வகுப்பு நடந்தது. டவுனிலிருந்து ஜிப்பா போட்ட ஒருவர் வந்தார். என்னென்னவோ பேசினார், பாதி நேரம் நான் தூங்கிவிட்டேன். முழித்தபோது அவர் சொல்லிக்கொண்டிருந்தார்: “ஆட்கள் நீக்கப்பட்டார்கள் என்று எழுதாதீர்கள். அது முதலாளியின் பாஷை. நீக்கியது யார்? முதலாளி ஆட்களை நீக்கினார் என்று எழுதுங்கள். செய்தவன் பெயர் முன்னால் வரட்டும். வாக்கியம் பாதியாகும், கோபம் இரண்டு மடங்காகும்.”

(கோபத்தை இரண்டு மடங்காக்க எனக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. ஆனாலும் கேட்டுக்கொண்டேன்.)

மறுநாளே ஆரம்பித்தேன். துரைக்கண்ணு எழுதிக் கொடுத்த குடிநீர்ப் புராணத்தை மடித்து இடுப்பில் செருகிவிட்டு, பலகையில் இப்படி எழுதினேன்: “குழாய் உடைந்தது. மானேஜர் பார்த்தார். சரிசெய்யவில்லை.” சைக்கிள்கள் போயின. ஒவ்வொரு தலையும் திரும்பியது, ஒவ்வொரு வாயும் சிரித்தது. கபாலி இரண்டு கையையும் விட்டுவிட்டுக் கைதட்டிக்கொண்டே போனார். இரண்டொரு நாளில் குழாயில் தண்ணீர் வந்தது. துரைக்கண்ணு என்னைக் கூப்பிட்டு, வாசகம் சுருக்கப்பட்டது குறித்துத் தனக்கு மனவருத்தம் ஏற்பட்டாலும் பலன் காணப்பட்டதால் அது பொருட்படுத்தப்படவில்லை என்று சொன்னார். அவர் பேச்சும் அப்படித்தான்.

தலையில் கொம்பு முளைத்துவிட்டது எனக்கு. பலகையோடு விட்டேனா? வீட்டுக்கும் கொண்டுவந்தேன். அம்மா “தோசை கருகிப்போச்சு” என்றால், “கருகிப்போகல, நீ கருக்கின” என்பேன். “பால் பொங்கிடுச்சு” என்றால், “நீ பொங்க வுட்ட” என்பேன். அம்மா ஒருநாள் தோசைக் கரண்டியை என் மேல் வீசினாள். அப்போதாவது நான் சும்மா இருந்தேனா? “கரண்டி வந்து வுழல, நீ வீசின” என்றேன். இரண்டாவதாக வந்தது பூரிக்கட்டை.

எனக்குக் கல்யாணம் பேசியிருந்த நேரம் அது. மாப்பிள்ளை சேவியர், துறைமுகத்தில் விஞ்ச் டிரைவர். கப்பலிலிருந்து மூட்டையைத் தூக்கிக் கரையில் வைப்பார், கரையிலிருந்து தூக்கிக் கப்பலில் வைப்பார், வாயைத் திறக்க மாட்டார். அவருடைய அப்பா சவரிமுத்து எங்கள் கம்பெனி கேன்டீன் மாஸ்டர். சின்ன வயதில் கப்பலில் சமைத்தவர், ஆள் நிலைப்படி அகலம் இருப்பார். என்னை அவர் மருமகளாகத் தேர்ந்தெடுத்த கதையே தனி. கேன்டீனில் எனக்குக் கூட்டு குறைவாக வைத்தார்கள் என்று நான் போட்ட சண்டையை அவர் அடுப்படியிலிருந்து எட்டிப் பார்த்திருக்கிறார். அன்று சாயங்காலமே வீட்டில் சொல்லியிருக்கிறார்: “இந்தப் பொண்ணு வூட்டுக்கு வந்தா நம்ம சேவியரு வாயத் தொறப்பான்.” அன்றிலிருந்து என்னைக் கேன்டீனில் பார்த்தால் “இன்னா மருமவளே” என்பார், எல்லார் காதிலும் விழும்படி. என் தட்டில் கூட்டும் அதிகமானது.

கோயிலில் எங்கள் முதல் ஓலை வாசித்தாகிவிட்டது. கத்தோலிக்கரான எங்களில் கல்யாணத்துக்கு முன்னால் மூன்று ஞாயிற்றுக்கிழமை, பூசையில் ஃபாதர் பெண் மாப்பிள்ளை பெயரை ஊரறிய வாசிப்பார். தடை ஏதும் தெரிந்தவர்கள் வந்து சொல்ல வேண்டும் என்பதற்காக. “இன்னார் மகனும் இன்னார் மகளும் திருமண ஒப்பந்தத்தில் இணைக்கப்பட இருக்கிறார்கள்” என்று வாசித்தார். பூசை முடிந்ததும் நான் சேவியரிடம் போய், “இணைக்கப்பட இருக்காங்கன்னா என்ன அர்த்தம், யாரு இணைக்கிறாங்கன்னு சொல்ல வேணாமா” என்றேன். சேவியர் அன்று பேசிய ஒரே வார்த்தை: “ஏசப்பாதான்மே. கம்முனு கெட.”

இந்த நிலையில்தான் பல்லி வந்தது.

மதியச் சாப்பாட்டு நேரம். கபாலியின் தட்டில், சாம்பாரில், முருங்கைக்காய்க்குப் பக்கத்தில் அது கிடந்தது. வாலைப் பிடித்துத் தூக்கி எல்லாருக்கும் காட்டினார். பந்தி எழுந்துவிட்டது. சவரிமுத்து மாமா ஓடி வந்து பார்த்து, தலையில் அடித்துக்கொண்டு, அண்டா சாம்பாரையும் கொண்டுபோய்ச் சாக்கடையில் கொட்டினார். அதோடு முடிந்திருக்க வேண்டிய சங்கதி.

துரைக்கண்ணு அதை முடிக்க விடவில்லை. அதற்கு நல்ல காரணம் இருந்தது. கேன்டீனுக்குக் கல்நார் கூரை. உத்தரத்தில் பல்லி குடும்பம் குடும்பமாகக் குடியிருந்தது. கீழே வலை கட்டுங்கள் என்று சங்கம் கேட்டுக்கொண்டே இருந்தது, கம்பெனி காதில் வாங்கவில்லை. இன்னொன்றையும் சங்கம் கேட்டுக்கொண்டிருந்தது: கேன்டீன் ஆட்கள் எல்லாரும் கான்ட்ராக்ட், அவர்களைக் கம்பெனியே நிரந்தரமாக எடுத்துக்கொள்ள வேண்டும். அதில் முதல் பெயர் சவரிமுத்து மாமாதான். மானேஜரும் அரை மனதாக இறங்கி வந்திருந்த நேரம். பல்லியை வைத்து வலையை வாங்கிவிடலாம் என்று துரைக்கண்ணு கணக்குப் போட்டு, பென்சிலால் ஒரு வாக்கியம் எழுதி என்னிடம் கொடுத்துவிட்டு, லேபர் ஆபீசுக்கு பஸ் ஏறிவிட்டார்.

அந்த வாக்கியம் இது: “கேன்டீன் சாம்பாரில் பல்லி ஒன்று காணப்பட்டதாகத் தோழர்களால் தெரிவிக்கப்பட்டுள்ள நிலையில், கூரையின் கீழ் வலை அமைக்கப்படாமை மீண்டும் நிர்வாகத்திற்குச் சுட்டிக்காட்டப்படுகிறது.”

இப்போது படித்தால் தெரிகிறது, அந்த மனிதர் எவ்வளவு ஜாக்கிரதையாக எழுதியிருக்கிறார் என்று. பல்லியும் இருக்கிறது, வலையும் இருக்கிறது, ஒரு மனிதன் மேலும் சேறு படவில்லை. அன்று எனக்கு அது தெரியவில்லை. ‘பட்டது, பட்டுள்ள, படாமை, படுகிறது’ என்று பட்டுப்பட்டு என் கோபம் ஏறியது.

என் பழக்கம் ஒன்று. சாக்பீஸைத் தண்ணீரில் ஊறவைத்துத்தான் எழுதுவேன். எழுதும்போது மங்கலாக இருக்கும், காய்ந்ததும் சுண்ணாம்பு அடித்த மாதிரி பளிச்சென்று எழும். ரோட்டின் அந்தப் பக்கத்திலிருந்தும் தெரியும். ஒரே சங்கடம், லேசில் அழியாது.

முதலில் தலைப்பு. “பல்லி” என்று அரைப் பலகைக்கு எழுதினேன். அதற்கே ஒரு சாக்பீஸ் காலி. கீழே வாக்கியம் வர வேண்டும். ஜிப்பாக்காரர் மண்டைக்குள் உட்கார்ந்துகொண்டார். செய்தது யார்? முதலில் மானேஜரைத்தான் நினைத்தேன். எனக்கு எப்போதும் முதலில் அவர்தான் ஞாபகத்துக்கு வருவார். ஆனால் மானேஜர் கேன்டீன் பக்கமே வந்ததில்லை. அவர் வந்து பல்லியைப் போட்டார் என்று எழுத எனக்கே கூசியது. அப்புறம் யார்? சாம்பார் வைத்தது மாஸ்டர். மாஸ்டர் மாமனார் ஆகப் போகிறவர். அதற்காக விட்டுவிட முடியுமா? சொந்தக்காரர் என்றதும் பெயரை முழுங்கினாள் என்று நாளைக்கு எவனாவது சொல்ல மாட்டானா? (இப்படி ஒரு நியாயஸ்தியை ஐகோர்ட்டில்கூடப் பார்க்க முடியாது.) உள்ளே சங்கு ஊத ஆள் ஏறிவிட்டான். எழுதினேன்:

“பல்லி. மாஸ்டர் சாம்பாரில் போட்டார்.”

கச்சிதம். தள்ளி நின்று பார்த்து எனக்கு நானே தலையாட்டிக்கொண்டேன்.

சங்கு ஊதியது. சைக்கிள்கள் வந்தன. தலைகள் திரும்பின. சிரிப்பு வரவில்லை. முதலில் ஒருவன் சைக்கிளைச் சாய்த்துவிட்டு ரோட்டோரம் குனிந்து வாந்தி எடுத்தான். அவனைப் பார்த்து இன்னொருவன். பல்லி தனியாக விழுந்தது என்றால் வயிறு பொறுத்துக்கொள்ளும் போலிருக்கிறது, ஒரு மனிதன் வேண்டுமென்றே போட்டான் என்று படித்ததும் வயிற்றுக்கும் கோபம் வந்துவிட்டது. வீட்டிலிருந்து சோறு கட்டி வருகிற கணக்குப்பிள்ளை, கேன்டீன் சாம்பாரை வாழ்நாளில் தொடாதவர், அவரும் ஒரு கையால் மரத்தைப் பிடித்துக்கொண்டு வாந்தி எடுத்தார். பூவரச மரத்தடி கொஞ்ச நேரத்தில் கலீஜாகிவிட்டது.

கூட்டத்தை விலக்கிக்கொண்டு சவரிமுத்து மாமா வந்தார். கையில் வீட்டுக்குக் கொண்டுபோகிற தூக்குப் பாத்திரம். பலகையைப் படித்தார். அவருக்கு எழுத்துக்கூட்டித்தான் படிக்க வரும். நான் எழுதியது சின்ன வாக்கியம் என்பதால் சீக்கிரமே முடித்துவிட்டார். மறுபடி ஒருமுறை படித்தார். அந்த அகல உடம்பு கத்தும், கையை ஓங்கும் என்று நான் தயாராக நின்றேன். சண்டை என்றால் எனக்குப் பயமில்லை. அவர் சண்டைக்கு வரவில்லை.

“நான் போட்டத நீ பாத்தியா, பிலோமினா?”

மருமவளே இல்லை. பிலோமினா. அவர் வாயில் என் பெயரை அன்றுதான் முதன்முதலாகக் கேட்டேன். நான் பதில் சொல்வதற்குள் அவர் ரோட்டைத் தாண்டிப் போய்விட்டார்.

துரைக்கண்ணு பஸ்ஸிலிருந்து இறங்கியதும் பலகையைப் பார்த்தார். தோளில் இருந்த துண்டை உருவி அழித்தார். தண்ணீர் விட்டு அழித்தார். மண்ணைப் போட்டுத் தேய்த்தார். கீழ் வாக்கியம் கரைந்தது. “பல்லி” மட்டும் போகவில்லை. வாழ்க்கையில் முதல்தடவையாக அவர் வாயிலிருந்து ஒரு சின்ன வாக்கியம் வந்தது. “கெடுத்துட்டியேம்மா” என்றார்.

கெடுத்தது எவ்வளவு என்று மறுநாள் தெரிந்தது. மானேஜர் துரைக்கண்ணுவைக் கூப்பிட்டு உட்கார வைத்து, காபியும் கொடுத்து, சிரித்துக்கொண்டே சொல்லியிருக்கிறார்: “உங்க சங்க போர்டே சொல்லுதே, அந்த ஆள் சாம்பார்ல பல்லி போடறார்னு. அவரையா நான் பெர்மனென்ட் பண்ணணும்?” விசாரணை முடிகிறவரை சவரிமுத்து மாமா அடுப்படிப் பக்கம் வரக்கூடாது என்று உத்தரவு. கேன்டீன் ஆட்களை நிரந்தரமாக்குகிற பேச்சும் நின்றது. கேன்டீனுக்கு வெளியிலிருந்து சாப்பாடு வந்தது. அந்தச் சாம்பாரில் பல்லி இல்லை, பருப்பும் இல்லை.

அதற்கப்புறம் ஆலையில் என் பாடு பேஜாரு. சைக்கிளில் போகிறவன் எல்லாம், “இன்னாக்கா, இன்னிக்கு யாரு இன்னா போட்டாங்க?” என்று கேட்டுக்கொண்டே போனான். பேக்கிங்கில் பெண்கள் என் பக்கத்தில் உட்காரவே யோசித்தார்கள். கை தவறித் தட்டு உடைந்தால் நாளைக்குப் பலகையில் பெயர் வந்துவிடுமாம்.

சேவியர் வீட்டுக்கு வந்தார். வாசல்படியில் நின்றார், உள்ளே வரவில்லை. அவர் அப்பா கணித்தது சரிதான், வாயைத் திறந்தார்.

“எங்க நைனா கப்பல்ல எத்தினி பேருக்கு ஆக்கிப் போட்டவரு தெரியுமா? ஒருத்தன் வயித்துவலின்னு சொன்னதில்ல. இப்ப வூட்ல உக்காந்துகினு அடுப்பையே பாத்துகினுகீறாரு. நீ இன்னாமே பண்ணிட்ட?”

“சுருக்கமா எழுதினேன்” என்றேன். சேவியர் திரும்பிப் போய்விட்டார். உள்ளே அம்மா மூக்கைச் சிந்திக்கொண்டே சொன்னாள்: “கல்யாணம் நின்னு போச்சு. இல்லடி. நீ நிறுத்தின. இப்ப சரியா சொல்றனா?”

சனிக்கிழமை ஃபாதர் என்னைக் கூப்பிட்டனுப்பினார். சவரிமுத்து மாமா அவரிடம் போய், இந்தக் கல்யாணத்துக்குத் தடை இருக்கிறது என்று சொல்லிவிட்டாராம். என்ன தடை என்று கேட்டதற்கு, சோற்றில் பல்லி போடுகிறவன் வீட்டில் அந்தப் பெண் எப்படிச் சாப்பிடுவாள் என்று கேட்டாராம். ஃபாதருக்கு இது புதுசு.

“தடைன்னா ரத்த உறவு வரும், ஏற்கெனவே கல்யாணம் ஆனது வரும். பல்லி அதுல வராது. அவருக்கும் சொல்லிட்டேன். ஆனா மாப்பிள்ளையோட அப்பா வேணாங்கிறப்ப நான் எப்படி வாசிக்கிறது?”

நான் போய் அவரிடம் மன்னிப்புக் கேட்கட்டுமா என்று கேட்டேன். கேட்டுப் பயனில்லை என்றார் ஃபாதர். சவரிமுத்து மாமா ஒன்றே ஒன்றுதான் சொன்னாராம். ஊருக்கே தெரிகிற மாதிரி எழுதினவள் என் வீட்டுக்குள் வந்து காதில் சொன்னால் சரியாகிவிடுமா என்று.

மறுநாள் பூசை. ஓலை வாசிக்கிற நேரம் வந்தது. ஃபாதர் இரண்டு ஜோடிகளை வாசித்தார். நிறுத்தினார். காகிதத்தை மடித்தார். அந்த மடிக்கிற சத்தம் ராயபுரம் முழுக்கக் கேட்டிருக்கும். போன வாரம் எங்கள் பெயரைக் கேட்டவர்கள் அத்தனை பேரும் பெண்கள் பக்கம் திரும்பி, முக்காட்டுக்குள் என் முகம் இருக்கிறதா என்று பார்த்தார்கள். கோபம்தான் எனக்குத் தெரிந்த ஒரே குணம். அன்று அது எங்கே போனதென்று தெரியவில்லை, தேடித் தேடிப் பார்த்தேன். அழுகைதான் வந்தது.

தலையை நிமிர்த்தினால் எல்லாரும் பார்ப்பார்கள், குனிந்தால் கண்ணீர் சொட்டும் என்று சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தேன். சுவரில் விளக்குக்குப் பக்கத்தில் ஒரு பல்லி. (எனக்கென்றே வந்து நின்ற மாதிரி.) ஒரு ஈசலைக் குறி வைத்து நகர்ந்தது. பாய்ந்தது. ஈசல் தப்பித்தது. பல்லி பிடி தவறித் தொப்பென்று முன்வரிசையில் ஒரு அம்மாளின் தோளில் விழுந்தது. அந்த அம்மாள் போட்ட கூச்சலில் ஃபாதர் பிரசங்கத்தை நிறுத்திவிட்டார். பெண்கள் பக்கம் பூராவும் ஒரே முணுமுணுப்பு. “இன்னாச்சு?” “பல்லி வுழுந்துச்சு.” “எந்தப் பக்கம் தோளு?” ஆளாளுக்குக் கேட்டார்கள், சொன்னார்கள். யார் போட்டது என்று ஒருத்தியும் கேட்கவில்லை.

எனக்கு அங்கேயே மண்டையில் அடித்த மாதிரி இருந்தது. செய்தவன் யார், செய்தவன் யார் என்று ஆலை பூராவும் தேடினேனே. செய்தது பல்லி. அதற்கு நாலு கால் இருக்கிறது, நடக்கிறது, பாய்கிறது, விழுகிறது. எல்லாம் அதுவே செய்கிறது. எஸ்.எஸ்.எல்.சி. பாஸ் செய்த நான் அதை ஒரு முருங்கைக்காய்த் துண்டு மாதிரி நினைத்துவிட்டேன்.

திங்கட்கிழமை காலை ஷிப்டுக்கு முன்பே போய் நின்றேன். துரைக்கண்ணுவும் வந்திருந்தார். மறுப்பு எழுதிக் கொண்டுவந்திருந்தார். “முன்னர் எழுதப்பட்ட வாசகம் தவறுதலாக இடம்பெற்றுவிட்டதென இதன்மூலம் தெரிவிக்கப்படுகிறது.” என் பெயர் அதில் எங்கேயும் இல்லை. என்னைக் காப்பாற்றத்தான் அப்படி எழுதியிருந்தார். எனக்கும் ஒரு கணம் ஆசையாகத்தான் இருந்தது. அந்த வாக்கியத்துக்குள் புகுந்து படுத்துக்கொண்டால் யாருக்கும் நான் தெரிய மாட்டேன். ஆனால் சைக்கிளில் போகிறவன் அதைப் படித்து முடிப்பானா? மாஸ்டர் பெயரைக் கெடுக்க ஒரு கணம் போதுமானதாக இருந்தது. மீட்கிறதும் அதே கணத்துக்குள் நடக்க வேண்டும்.

காகிதத்தை அவரிடமே திருப்பிக் கொடுத்தேன். சாக்பீஸை நனைத்தேன். பலகையில் என் பழைய “பல்லி” இன்னும் அழியாமல் பல்லைக் காட்டிக்கொண்டிருந்தது. நல்லதாய்ப் போயிற்று, அங்கிருந்தே தொடங்கினேன்.

“பல்லி தானே விழுந்தது. கம்பெனி வலை கட்டவில்லை. மாஸ்டர் மேல் பொய் சொன்னது நான். பிலோமினா, பேக்கிங்.”

எழுதிவிட்டுப் பலகைக்குக் கீழேயே நின்றேன். சங்கு ஊதியது. கபாலிதான் முதலில் வந்தார். படித்தார். பிரேக் பிடித்தார். பின்னால் வந்தவன் அவர் மேல் மோதினான், அவன் மேல் இன்னொருவன். அந்தப் பலகை தொங்க ஆரம்பித்த நாளிலிருந்து சைக்கிளில் வருகிற ஒருத்தன் நின்று படித்தது அன்றுதான். ரோடு அடைத்துக்கொண்டு லாரிக்காரர்கள் ஹாரன் அடித்தார்கள். சத்தம் கேட்டு மானேஜரே கேட்டுக்கு வந்துவிட்டார்.

அங்கேயே விசாரணை. “இதை யார் சொல்லி எழுதினே?” என்றார். யாரும் சொல்லவில்லை, நானே எழுதினேன் என்றேன். “அப்ப அன்னிக்கு எழுதினது?” அதுவும் நானே, அது பொய் என்றேன். துரைக்கண்ணு பெயர் வரும் என்று அவர் எதிர்பார்த்தது முகத்தில் தெரிந்தது. வராததால் குரலை ஏற்றினார். பல்லி தானே விழுந்தது என்பதற்கு என்ன சாட்சி என்று கேட்டார். வந்து பாருங்கள் என்றேன்.

ஆலைக்கே மானேஜரான மனிதர் அன்றுதான் கேன்டீனுக்குள் முதன்முதலாகக் காலை வைத்தார். நாங்கள் எல்லாரும் பின்னால் போனோம். அவர் நடு மேஜையில் வந்து நின்று, தலையை நிமிர்த்தி உத்தரத்தைப் பார்த்தார். உத்தரத்திலிருந்து ஏழெட்டுப் பேர் வாலைச் சுருட்டிக்கொண்டு அவரைப் பார்த்தார்கள். ஒன்று ‘ச்சு ச்சு’ என்றது. மானேஜர் இரண்டு எட்டு பின்னால் வைத்தார், தலைமுடியைத் தட்டிவிட்டுக்கொண்டார், வலைக்குச் சொல்லுங்கள் என்று யாரிடமோ சொல்லிவிட்டு வேகமாகப் போய்விட்டார். விசாரணை முடிந்தது.

அன்று ஷிப்ட் விடும்போது சவரிமுத்து மாமா வந்தார். யார் போய்ச் சொன்னார்களோ தெரியாது. மரத்தடியில் நின்று எழுத்துக்கூட்டிப் படித்தார். இது நாலு வாக்கியம், நேரம் பிடித்தது. சைக்கிள்காரர்கள் எல்லாரும் இறங்கி நின்று அவர் முடிக்கட்டும் என்று காத்திருந்தார்கள். முடித்துவிட்டு என் பக்கம் திரும்பினார்.

“மாஸ்டர்னு எழுதிகீறியே. மாமனார்னு எழுத எடமில்லியா?”

“எடம் கீது மாமா” என்றேன். கபாலி சைக்கிள் மணியை அடிக்க ஆரம்பித்தார். அவரைப் பார்த்து மற்றவர்களும் அடித்தார்கள். மாஸ்டரை அழித்துவிட்டு மாமனார் என்று எழுதப் பார்த்தேன். நனைந்த சாக்பீஸ், அழிந்தால்தானே. மாஸ்டருக்கு மேலேயே மாமனாரை எழுதினேன். இரண்டும் சேர்ந்து ஒன்றுமே தெரியாமல் போயிற்று.

அடுத்த ஞாயிறு இரண்டாவது ஓலை வாசித்தார்கள். அதற்கடுத்தது மூன்றாவது. கல்யாணச் சாப்பாடு மாமாவே சமைத்தார். முதல் பந்தியில் என் இலைக்கு வந்து, ஊர் பார்க்க, கரண்டியை வாளிக்குள் நன்றாகத் துழாவிக் காட்டி, “பாத்துக்க மருமவளே, நான் ஒண்ணும் போடல” என்று சொல்லிவிட்டுத்தான் சாம்பார் ஊற்றினார். அதற்கப்புறம் அவர் உயிரோடு இருந்தவரை ஒருநாள்கூட அதைச் சொல்லாமல் எனக்குச் சாம்பார் ஊற்றியதில்லை.

நின்றுபோன நிரந்தரப் பேச்சு மறுபடி தொடங்கி, அந்த வருடக் கடைசியில் கேன்டீன் ஆட்களுக்குக் கம்பெனியின் உத்தரவு வந்தது. மாமா அதைக் கொண்டுவந்து என்னைத்தான் படிக்கச் சொன்னார். “திரு. சவரிமுத்து இதன்மூலம் நிரந்தரப் பணியாளராக நியமிக்கப்படுகிறார்” என்று இருந்தது. நான் வாயைத் திறக்குமுன் அவர் விரலை நீட்டினார். “யாரு நியமிச்சாங்கன்னு கேட்ட, சோறு கெடையாது.” கேட்கவில்லை. படித்தேன். இன்னொருதரம் படி என்றார், படித்தேன். செயப்பாட்டு வினையில் அவ்வளவு நல்ல வாக்கியத்தை நான் அதற்கப்புறம் பார்த்ததில்லை.

பலகை எழுதுகிற வேலையைச் சங்கம் வேறு ஒருவருக்குக் கொடுத்துவிட்டது. என் கொள்கையை மட்டும் நான் விடவில்லை. இன்றைக்கும் சின்ன வாக்கியம்தான், செய்தவர் பெயர் முன்னால்தான். ஆனால் என் வீட்டில் இருப்பதெல்லாம் சவரிமுத்துவின் ரத்தம். பாலைக் கொட்டியது யார் என்று நான் கூடத்தில் நின்று கத்தினால், உள்ளேயிருந்து என் மகன் குரல் வரும்: “கொட்டப்பட்டது.” கண்ணாடியை உடைத்தது யார் என்றால் பேத்தி சொல்வாள்: “உடைக்கப்பட்டுள்ளதாகத் தெரிவிக்கப்படுகிறது.” வாயே திறக்காத சேவியரும் நாற்காலியில் இருந்தபடி உத்தரத்தைக் காட்டுவார், பல்லி என்று. ஐம்பது வருடமாக இதே கதை. ஊரெல்லாம் ஆட்கள் வேலை செய்கிறார்கள். என் வீட்டில் மட்டும் இதுவரை ஒருத்தரும் ஒன்றும் செய்ததில்லை. எல்லாம் செய்யப்படுகிறது.